இனிக்கும் மருந்தும் கசக்கும் உண்மையும்

(வேதியியல் ஆசிரியை ஒருவர்)

காய்ச்சலில் துவண்டு கிடக்கும் குழந்தையை மடியில் கிடத்தி, கைகால்களை அழுத்திப் பிடித்து, பாலாடையில் கஷாயம் புகட்டிய காலம் ஒன்று இருந்தது. குழந்தை அழும், பாதி உள்ளே போகும், பாதி தாயின் சேலையில் வழியும். இன்று அந்தத் தொல்லை இல்லை. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று கண்ணைக் கவரும் நிறங்களில் மருந்து புட்டிகளில் வருகிறது. மூடியைத் திறந்ததும் பழவாசனை வீசுகிறது. குழந்தை தானே வாயைத் திறக்கிறது. "இன்னும் கொஞ்சம் தாம்மா" என்று கேட்கும் குழந்தைகளும் உண்டு! அந்த இனிப்பும் மணமும் எங்கிருந்து வந்தன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

என்னை எண்ணிப் பார்க்க வைத்தவள் என் வகுப்பு மாணவி ஒருத்தி. 2025 அக்டோபர் மாதம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதுபட்டு ஒருவர் பின் ஒருவராக மடிந்த செய்தி நாளிதழ்களில் வந்துகொண்டிருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சு உயிர்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டோர். அந்த மருந்து தயாரானது எங்கோ தொலைவில் அன்று. நம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த மாணவி எழுந்து, "டீச்சர், இருமல் மருந்து எப்படி விஷமாகும்? மருந்தை அதிகமாகப் போட்டுவிட்டார்களா?" என்று கேட்டாள்.

"மருந்து அதிகமாகவில்லையம்மா. மருந்தைக் கரைத்த பொருள்தான் கெட்டது" என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று வகுப்பில் சொல்லி முடிக்காததை இந்த ஆண்டு மலரில் எழுதுகிறேன். மாணவியர் மட்டுமின்றி, பெற்றோரும் அருட்சகோதரியரும் படிக்கும் ஏடு இது. ஆதலால் என் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது என் கடமை.

முதலில் ஒரு சிறு கணக்கு. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் புட்டி ஒன்றை எடுத்துப் பாருங்கள். 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். 5 மில்லிலிட்டர் பாகின் எடை 5 கிராமுக்குச் சற்று மேல். 125 மில்லிகிராம் என்பது ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு. அப்படியானால் குழந்தை விழுங்கும் ஒரு கரண்டியில், நோயைத் தணிக்கும் மருந்து நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை! மீதி முழுவதும் வேறு பொருள்கள்.

இதைக் கேட்டதும், "அப்படியானால் மருந்துக் கம்பெனிக்காரர்கள் நம்மை ஏமாற்றுகிறார்களா?" என்று ஐயுற வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை உண்டு. 5 மில்லிலிட்டர் தண்ணீரில் பாராசிட்டமால் ஏறக்குறைய 70 மில்லிகிராம்தான் கரையும். 125 மில்லிகிராமைக் கரைக்க வேண்டுமென்றால் தண்ணீருக்குத் துணை தேவை. அந்தத் துணையாக வருபவைதான் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற கரைப்பான்கள். சில மருந்துகளைக் கரைக்காமலே மிக நுண்ணிய தூளாக்கி, பசைப் பொருள் ஒன்றைச் சேர்த்துத் திரவத்தில் மிதக்க விடுகிறார்கள். "நன்றாகக் குலுக்கிவிட்டு உபயோகிக்கவும்" என்று எழுதியிருப்பது இதனால்தான். குலுக்காமல் ஊற்றினால் புட்டியின் முதல் கரண்டியில் மருந்து குறையும். கடைசிக் கரண்டியில் கூடும்.

சர்க்கரையும் இனிப்புக்காக மட்டும் இல்லை. இந்திய மருந்து நூல் கூறும் சர்க்கரைப் பாகில் 100 கிராமுக்கு 66.7 கிராம் சர்க்கரை உண்டு. அவ்வளவு கெட்டியான பாகில் கிருமிகளால் பெருக முடியாது. அவை வாழத் தேவையான தண்ணீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்கிறது. நம் பாட்டிமார் நெல்லிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் கெடாமல் காத்ததும் இதே விதிப்படிதான். சர்க்கரைக்குப் பதில் சார்பிட்டால் சேர்த்தவையும் உண்டு. இவற்றோடு, பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சிறிதளவு சோடியம் பென்சோயேட் அல்லது பாரபென், கொஞ்சம் நிறம், கொஞ்சம் மணம். இவ்வளவும் கூடித்தான் ஒரு கரண்டி மருந்து. இப்பொருள்கள் இல்லாவிட்டால் மாத்திரை விழுங்கத் தெரியாத குழந்தைக்கு மருந்தே இல்லை.

இனித்தான் கசப்பான உண்மை வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவியருக்கு எத்திலீன் கிளைக்காலையும் கிளிசராலையும் தெரியும். எத்திலீன் கிளைக்கால் மூலக்கூறுகள் இரண்டு, ஒரு நீர் மூலக்கூறை இழந்து இணைந்தால் கிடைப்பது டைஎத்திலீன் கிளைக்கால். அதற்கும் நிறமில்லை, வாசனையில்லை, கிளிசரினைப் போலவே கொழகொழப்பு உண்டு, அதைவிடக் கொடுமை, அதுவும் இனிக்கும்! கண்ணுக்கும் மூக்குக்கும் நாவுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் சிறுநீரகத்துக்குத் தெரியும். வயிற்றுவலி, வாந்தி என்று தொடங்கி, சிறுநீர் குறைந்து, பின் அடியோடு நின்றுபோகும். வாகனங்களின் பிரேக் திரவத்துக்கும் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்துக்கும் பயன்படுகிற இனத்தைச் சேர்ந்தது அது. மருந்துக்குரிய தூய கரைப்பானைவிட விலை மலிவு. அந்த மலிவுதான் அதை மருந்துப் புட்டிக்குள் அழைத்து வருகிறது.

இது இன்று நேற்றுத் தெரிந்த செய்தி அன்று. 1937-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சல்பனிலமைடு என்னும் புதிய மருந்தைத் திரவமாக விற்க விரும்பிய ஒரு கம்பெனி, அது டைஎத்திலீன் கிளைக்காலில் நன்றாகக் கரைவதைக் கண்டது. சுவை பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள். உடலுக்குக் கேடா என்பதை மட்டும் பார்க்கவில்லை. ராஸ்பெர்ரி மணத்தோடு அது நாடெங்கும் சென்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 34 பேர் குழந்தைகள். அன்றைய சட்டப்படி அந்தக் கம்பெனி செய்த குற்றம் என்ன தெரியுமா? ஆல்கஹால் கலந்த மருந்துக்குரிய 'எலிக்சர்' என்ற பெயரை, ஆல்கஹால் இல்லாத மருந்துக்கு வைத்ததே! மறு ஆண்டு, 1938-இல், விற்பனைக்கு வருமுன் மருந்து பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என்ற சட்டம் அங்கே பிறந்தது.

அந்த விஷத்தைப் பிராணிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழகக் குழுவில் ஓர் இளம் பெண் இருந்தார். பெயர் பிரான்சிஸ் ஓல்டம். அப்பெயரைக் கண்டு ஆண் என்று எண்ணியே பேராசிரியர் அவரைச் சேர்த்துக்கொண்டாராம்! திருமணத்துக்குப் பின் பிரான்சிஸ் கெல்சி ஆன அவர், 1960-இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். தாலிடோமைடு என்ற தூக்க மருந்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தது. வேறு பல நாடுகளில் அது விற்பனையில் இருந்தது. "சான்றுகள் போதா" என்று கையொப்பமிட மறுத்தார் கெல்சி. கம்பெனி மீண்டும் மீண்டும் நெருக்கியது, அவர் அசையவில்லை. பின்னர் அம்மருந்தை உட்கொண்ட கர்ப்பிணிகளுக்குக் கைகால் குறைபட்ட குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்ததை உலகம் கண்டு நடுங்கியது. இடாமல் விட்ட ஒரு கையொப்பம் எத்தனை குழந்தைகளைக் காத்தது பாருங்கள்!

அமெரிக்கா 1937-இல் கற்ற பாடத்தை நாம் கற்றோமா? 1970-களின் தொடக்கத்தில் நம் சென்னையிலேயே 14 குழந்தைகள் இதே டைஎத்திலீன் கிளைக்காலுக்குப் பலியாயினர். 1986-இல் பம்பாயின் ஜே.ஜே. மருத்துவமனையில், மூளையிலும் கண்ணிலும் ஏற்படும் அழுத்தத்தைக் குறைப்பதற்காகக் கொடுத்த கிளிசரினில் இது கலந்திருந்து 14 பேர் இறந்தனர். நீதிபதி லெண்டின் ஆணையம் விசாரித்தது. 1998-இல் தில்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 33 குழந்தைகள். 2022-இல், இந்தியாவில் தயாரான மருந்தைக் குடித்த காம்பியா நாட்டுக் குழந்தைகள் சுமார் 70 பேர். அதே ஆண்டு இந்தோனேசியாவில் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள். அங்கே புரொப்பிலீன் கிளைக்கால் என்று பெயர் ஒட்டி விற்ற பீப்பாய்களில் இருந்தது வேறு பொருள். கடைசியாக 2025-இல் சிந்த்வாரா.

மருந்தில் டைஎத்திலீன் கிளைக்காலுக்கு விதித்துள்ள உச்ச அளவு 0.1 சதவீதம். சிந்த்வாரா குழந்தைகள் குடித்த மருந்தைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் சோதித்தபோது இருந்ததோ 48.6 சதவீதம். அளவுக்கு 486 மடங்கு! ஏறக்குறைய பாதிப் புட்டி விஷம். கவனியுங்கள்: அதிகாரிகள் மாதிரி எடுத்த சில நாட்களுக்குள்ளாகவே முடிவு தெரிந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க மேதைகள் வேண்டியதில்லை. வண்ணப்பிரிகை முறையில் ஒரு நல்ல ஆய்வகம் கண்டுபிடித்துவிடும். பீப்பாய் வந்திறங்கிய அன்றே அந்தச் சோதனையைச் செய்திருந்தால் அத்தனை தாய்மாரின் மடியும் வெறுமையாகி இராது.

ஆகவே, அறிவு இல்லாததால் நேர்ந்த சாவுகள் அல்ல இவை. பீப்பாயைச் சோதிக்க வேண்டியவர் சோதிக்காததால் நேர்ந்தவை. ஒட்டியிருந்த பெயரை மட்டும் பார்த்து "சரி" என்று ஏற்றுக்கொண்டதால் நேர்ந்தவை.

இங்கே என் சொந்தக் குறை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், அரசுப் பொதுத்தேர்வுக்கு முந்திய செய்முறைப் பயிற்சியில், ஒரு மாணவி பெர்மாங்கனேட் கரைசலைக் கொண்டு தரம் பார்த்தாள். முதல் தடவை 19.8 மில்லிலிட்டர். இரண்டாம் தடவை பார்க்கவே இல்லை. ஏட்டில் மட்டும் 19.8 என்று எழுதினாள். மூன்றாவதும் அவ்வாறே. பியூரெட்டில் கரைசல் அப்படியே இருப்பதை நான் கண்டேன். நேரம் ஆகிவிட்டது; மற்றவர்கள் காத்திருந்தார்கள். விடையும் சரியாகத்தான் இருந்தது. நான் கையொப்பமிட்டேன். அன்று அது எனக்குப் பெரிய தவறாகத் தோன்றவில்லை. சிந்த்வாரா செய்தியைப் படித்த இரவு அந்த 19.8 என் கண்முன் வந்து நின்றது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதும் பழக்கத்தை நாங்கள்தான், இந்த ஆய்வுக்கூடத்தில்தான், மதிப்பெண் கொடுத்து வளர்க்கிறோமோ என்று அஞ்சினேன். மருந்துத் தொழிற்சாலையில் உட்காருபவரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு பள்ளியின் செய்முறை ஏட்டில் எழுதியவர்தாமே!

இதில் அரசின் கடமை பெரிது. 2023 ஜூன் 1 முதல், வெளிநாடுகளுக்கு அனுப்பும் இருமல் மருந்துகளை அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெற்ற பின்னரே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று நம் நாட்டில் விதி வந்தது. நல்ல விதி, காம்பியாவின் கண்ணீர் கொண்டுவந்த விதி. ஆனால் 2025-இல் உள்நாட்டில் விற்ற புட்டிக்கு அந்தக் காவல் இல்லை. தயாரிப்பவரே சோதித்துக்கொள்வார் என்ற நம்பிக்கையும், அதிகாரிகள் அவ்வப்போது எடுக்கும் மாதிரியும்தான் அதற்குக் காவல். கடல் கடந்து போகும் மருந்துக்கு ஒரு நீதி, சிந்த்வாராவுக்குப் போகும் மருந்துக்கு ஒரு நீதியா? விருந்தாளிக்கு வைக்கும் சோற்றைக் கல் பார்த்து வைத்துவிட்டுப் பெற்ற பிள்ளைக்குப் பார்க்காமல் வைப்பார் உண்டா? உள்நாட்டுக் குழந்தைக்கும் அதே சோதனை வேண்டும் என்பதே என் கருத்து. கரைப்பான் இருக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் சோதனைச் சான்று வேண்டும். புட்டியின் மேல் மருந்தின் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு, மீதியை "மணமூட்டிய பாகு" என்று ஒரே வரியில் முடிக்கும் வழக்கம் போக வேண்டும். கரைப்பான் எது, இனிப்பு எது, நிறம் எது என்று எல்லாவற்றையும் அச்சிட வேண்டும்.

இவ்வளவையும் கேட்டு, "இனி இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், நாட்டு மருந்தே போதும்" என்று சில பெற்றோர் முடிவு கட்டக்கூடும். அது சரியன்று. நாட்டு மருந்தை நான் இகழவில்லை. நம் வேலியோரத்து ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டுதான், சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை விஞ்ஞானிகள் ஆக்கினர். ஆனால் நிமோனியாவில் திணறும் குழந்தைக்கு வேண்டியது தக்க ஆன்டிபயாட்டிக். அதுவும் பெரும்பாலும் திரவமாகத்தான் வருகிறது. பயந்து மருந்தை ஒதுக்கினாலும் உயிர் போகும். நமக்கு வேண்டியது விழிப்பு. வீண் பயம் அன்று.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். சாதாரணச் சளி, இருமல் பெரும்பாலும் தானே குணமாகும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாகத் தேவையில்லை என்றும் மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவித்தது. "டாக்டர் ஒரு டானிக்கும் எழுதவில்லையே" என்று குறைப்படாதீர்கள். எழுதாத மருத்துவரே சில நேரங்களில் நல்ல மருத்துவர். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் இரா. புட்டியோடு வரும் அளவு மூடியையே பயன்படுத்துங்கள். தூளாக வரும் ஆன்டிபயாட்டிக்கில், காய்ச்சி ஆறிய நீரைக் குறியிட்ட கோடு வரை ஊற்றிக் கலக்குங்கள்; குறித்த நாளுக்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். அண்ணனுக்கு வாங்கி மிச்சம் வைத்ததைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். பில் வாங்குங்கள்; தொகுதி எண்ணைப் பாருங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இருமலுக்கென்று தேனும் வேண்டாம். மருந்து குடித்த குழந்தை வாந்தியெடுத்து, சிறுநீர் கழிப்பது குறைந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல், அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று உண்டு. மருத்துவம் என்பதை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்பவர் என்று நான்காக வகுத்தார் வள்ளுவர். அவர் காலத்தில் மருந்தை இடித்தவரும் கொடுத்தவரும் கண்ணெதிரே இருந்தனர். இன்று மருந்தைச் செய்பவர் ஓர் ஊரில்; கரைப்பானை விற்பவர் வேறு ஊரில்; குடிக்கும் குழந்தை ஆயிரம் மைல் தொலைவில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆகவே இன்று ஐந்தாவதாக ஒருவர் வேண்டும்: சோதித்துப் பார்ப்பவர். உங்களில் யாராவது டாக்டராக வேண்டும் என்றால் எல்லாரும் கைதட்டுவார்கள். மருந்து ஆய்வாளராக, மருந்தாளுநராக, ஆய்வகத்தில் பீப்பாயைச் சோதிப்பவராக ஆகப் போகிறேன் என்று சொல்பவளுக்கு யாரும் கைதட்டுவதில்லை. நான் கைதட்டுகிறேன். "இந்தப் பீப்பாயை ஏற்க முடியாது" என்று திருப்பி அனுப்பும் ஒரு பெண், தன் கண்ணால் காணாத நூறு குழந்தைகளுக்குத் தாயாகிறாள்.

அந்தப் பெண் ஒரே நாளில் உருவாகிவிட மாட்டாள். பிப்பெட்டைக் கையில் பிடிக்கும் முதல் நாளிலிருந்தே அவளை உருவாக்க வேண்டும். ஆகவே இவ்வாண்டு எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி செய்திருக்கிறேன். அளவீடு பிழையாக வந்தால், வந்ததை வந்தபடியே எழுதுங்கள். மதிப்பெண் குறைக்க மாட்டேன், மறுபடி செய்யச் சொல்வேன். பார்க்காத அளவீட்டை எழுதினால் அந்தப் பயிற்சிக்கு மதிப்பெண்ணே இல்லை. தொடக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. சென்ற வாரம் ஒரு மாணவி வந்து, "டீச்சர், எனக்கு மூன்று தடவையும் வெவ்வேறாக வருகிறது, என்ன செய்வது?" என்று கண்கலங்கி நின்றாள். அவள் ஏட்டில் மூன்று எண்களும் அப்படியே இருந்தன. அடித்தல் திருத்தல் இல்லை. "இன்னொரு தடவை செய்வோம், வா" என்று பியூரெட்டை நானே கழுவிக் கொடுத்தேன்.